வி.ஆர். கேமை எந்தக் கடையில் வாங்குவது?

வி.ஆர். (விர்ச்சுவல் ரியாலிட்டி) ஹெட்செட் வாங்கப் போகிறேன், எது நல்லது என்று யாராவது கேட்டால் உடனே லென்ஸ், ரெசல்யூஷன், எடை என்று ஆரம்பித்துவிடுகிறோம். நான் முதலில் கேட்பது வேறு: கேமெல்லாம் எந்த ஸ்டோரில் வாங்கப் போகிறீர்கள்? ஹெட்செட்டுக்கு ஆயுள் குறைவு. சில வருஷத்தில் பேட்டரி நிற்காது, லென்ஸில் கீறல் விழும், இல்லையென்றால் புது மாடல் வந்து பழையதைத் தொடவே மனசு வராது. ஆனால் அதற்காக வாங்கிய கேம்கள் அந்த ஸ்டோரில் நாம் திறந்த கணக்கில் பூட்டிக் கிடக்கும், அடுத்த ஹெட்செட்டை எந்தக் கம்பெனியில் வாங்குவது என்பதைப் பெரும்பாலும் அந்தக் கணக்கே முடிவு செய்துவிடும்.

கம்பெனிகளுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். 2016 மார்ச்சில் ஆக்குலஸ் ரிஃப்ட் 599 டாலருக்கு வந்தது, ஏப்ரலில் எச்.டி.சி. வைவ் 799 டாலருக்கு வந்தது. இரண்டுமே கம்ப்யூட்டரில் கேபிள் போட்டு மாட்டுகிற சாதனங்கள்தான். வால்வ் கம்பெனியின் கம்ப்யூட்டர் கேம் ஸ்டோரான ஸ்டீமில் வாங்கிய கேம் இரண்டிலும் ஓடியது. ஆக்குலஸ் ஸ்டோரிலோ ரிஃப்டுக்கு மட்டும்தான் இடம். அப்போது ரிவைவ் என்று ஒரு இலவச மென்பொருள் வந்து, ஆக்குலஸ் ஸ்டோரில் காசு கொடுத்து வாங்கிய கேமை வைவிலும் ஓட வைத்தது. எங்களிடம் வாங்கிய கேமை எதில் ஓட்டினால் என்ன, எனக்குக் கவலையில்லை என்று ஆக்குலஸைத் தொடங்கிய பாமர் லக்கி அதற்கு முன்பே சொல்லியிருந்தார். ஆனால் மே மாதம் ஒரு அப்டேட் வந்தது, ரிஃப்ட் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கேம் திறக்கும் என்று. ரிவைவை எழுதியவர் அந்தச் சோதனையைத் தாண்டுகிற வழியைக் கண்டுபிடித்தார், ஆனால் அந்த வழியில் கேமைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறோமா என்கிற சோதனையும் சேர்ந்தே போய்விட்டது. காசு கொடுத்தவனைத் தடுக்கப் போய்த் திருடுகிறவனுக்குக் கதவைத் திறந்துவிட்ட கதை. ஜூனில் ஆக்குலஸ் அந்தச் சோதனையைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது.

2019இல் ஆக்குலஸின் க்வெஸ்ட் ஹெட்செட் வந்ததும் ஆட்டமே மாறிவிட்டது. கம்ப்யூட்டர் வேண்டாம், கேபிள் வேண்டாம், தலையில் மாட்டினால் போதும். அடுத்த வருஷம் க்வெஸ்ட் 2 வெறும் 299 டாலர், அதே சமயம் வால்வின் இண்டெக்ஸ் ஹெட்செட் முழு செட்டாக 999 டாலர். யாராலும் போட்டி போட முடியாத விலை அது. அதன் பின்னால் எவ்வளவு பணம் எரிகிறது என்பதற்கு ஒரு கணக்கு: ஆக்குலஸின் சொந்தக்காரரான மெட்டாவின், ஹெட்செட் செய்கிற ரியாலிட்டி லேப்ஸ் பிரிவுக்கு 2024இல் மட்டும் 17.7 பில்லியன் டாலர் நஷ்டம். (அதில் ஸ்மார்ட் கண்ணாடிகள், ஆராய்ச்சி எல்லாம் சேர்த்திதான், முழுக்க ஹெட்செட் செலவு என்று நினைக்க வேண்டாம்.) ஹெட்செட்டை இப்படித் தள்ளிவிட்டால், பிறகு ஸ்டோரில் விற்கிற ஒவ்வொரு கேமிலும் 30 சதவீதம் வரும் என்பதுதான் எதிர்பார்ப்பு.

அதனால்தான் ஸ்டோருக்கு வெளியே ஒரு சந்து திறந்தாலும் பதறினார்கள். விர்ச்சுவல் டெஸ்க்டாப் என்கிற ஆப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் ஓடுகிற ஸ்டீம் வி.ஆர். கேமை வைஃபை வழியாக க்வெஸ்டுக்கு அனுப்பும் வசதியை 2019இல் அதில் சேர்த்தார்கள், ஆக்குலஸ் அதை எடுக்கச் சொன்னது. அப்புறம் நடந்தது ஒரு கூத்து. ஸ்டோரில் காசு கொடுத்து ஆப்பை வாங்க வேண்டும், வெளி ஆப்பை ஏற்ற விடுகிற டெவலப்பர் மோடுக்கு க்வெஸ்டை மாற்ற வேண்டும், கேபிளைச் செருகி, சைட்க்வெஸ்ட் என்கிற வெளிக்கடையிலிருந்து அதே ஆப்பின் இன்னொரு வடிவத்தை மேலே ஏற்ற வேண்டும். இவ்வளவையும் ஜனங்கள் சலிக்காமல் செய்தார்கள். 2021 பிப்ரவரியில் அந்த வசதியை ஸ்டோரிலேயே அனுமதித்தார்கள், இரண்டே மாதத்தில் ஏர் லிங்க் என்ற பெயரில் அதே வேலையைச் செய்யும் தங்கள் சொந்தச் சரக்கையும் இறக்கினார்கள். 2023 கடைசியில் வால்வே அதே வேலையைச் செய்யும் ஸ்டீம் லிங்க் ஆப்பை மெட்டா ஸ்டோரில் வைத்துவிட்டது. மெட்டா கைக்காசு போட்டு விற்ற ஹெட்செட்டில் எதிராளியின் ஸ்டோர் ஓடுகிறது, ஸ்டீமில் வி.ஆர். விளையாடுகிறவர்களில் பாதிக்கும் மேல் மெட்டா ஹெட்செட்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வரும்.

வால்வ் தர்மத்துக்கு ஒன்றும் செய்யவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 2020இல் வந்த அவர்களுடைய ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் கேம் கம்ப்யூட்டரோடு சேரும் எந்த ஹெட்செட்டிலும் ஓடும், ஆனால் ஸ்டீமில் மட்டும்தான் கிடைக்கும். யார் ஹெட்செட் விற்றாலும் கல்லாவில் காசு விழுகிறவர்கள் தாராளமாக இருப்பதில் என்ன ஆச்சரியம்? மறுபக்கம், அஸ்கார்ட்ஸ் ராத் 2, பேட்மேன்: ஆர்க்கம் ஷேடோ மாதிரி பெரிய கேம்கள் க்வெஸ்டில் மட்டும் பூட்டிக் கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும், மெட்டாவின் பணம் இல்லாமல் அவ்வளவு பெரிய வி.ஆர். கேமை எவன் எடுப்பான் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வி.ஆர். வாங்கியவர்கள் தொகை இன்னமும் சின்னது, வெறும் விற்பனையை நம்பிப் பெரிய கேம் செய்தால் கையைக் கடிக்கும்.

ஆனால் அந்தப் பணத்துக்கு இன்னொரு முகம் உண்டு. பாட்டின் தாளத்துக்கு வாள் வீசுகிற பீட் சேபர் 2018இல் வந்தபோது எல்லாருக்கும் பொதுவான கேம். 2019 நவம்பரில் அதை உருவாக்கிய பீட் கேம்ஸையே மெட்டா, அதாவது அப்போதைய ஃபேஸ்புக், வாங்கிக்கொண்டது. ஸ்டீமில் வாங்கிய பாட்டுத் தொகுப்பு க்வெஸ்டில் வராது, அதே பாட்டுக்கு அங்கே மறுபடி காசு. பிளேஸ்டேஷன்காரர்களுக்கு இதைவிட மோசம், அந்தப் பதிப்புக்கு இனிப் புதுப் பாட்டே கிடையாது என்று 2025இல் அறிவித்துவிட்டார்கள். அவர்களுக்கு இது பழக்கம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023இல் வந்த பிளேஸ்டேஷன் வி.ஆர். 2 ஹெட்செட்டில் பழைய பிளேஸ்டேஷன் வி.ஆர். கேம்கள் ஓடாது என்று சோனியே சொல்லிவிட்டது. ஒரே கம்பெனி, ஒரே கணக்கு, அப்படியும் ஓடாது.

சரி, ஸ்டோர் முக்கியம் என்று நான் இவ்வளவு அடித்துச் சொல்வதற்குக் காரணம் விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி. விண்டோஸ் கம்ப்யூட்டரில் வி.ஆர். ஹெட்செட்டுகளை ஓட்டுவதற்காக 2017இல் மைக்ரோசாஃப்ட் ஆரம்பித்தது, ஏசர், டெல், எச்.பி., சாம்சங் எல்லாரும் அதை நம்பி ஹெட்செட் போட்டார்கள். 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் அந்த ஆதரவையே மைக்ரோசாஃப்ட் தூக்கிவிட்டது. எச்.பி. ரிவெர்ப் ஜி2 போல நல்ல திரை உள்ள, ஒரு கோளாறும் இல்லாத சாதனத்தை அப்டேட் போட்ட மறுநாள் கம்ப்யூட்டருக்கே அடையாளம் தெரியவில்லை. ஆனால் ஸ்டீமில் கேம் வாங்கியிருந்தவர்கள் வேறு எந்த ஹெட்செட்டையாவது மாட்டிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது. போனது ஹெட்செட் மட்டும்.

தொழில்நுட்பம் தடை என்று இனி யாரும் சாக்குச் சொல்ல முடியாது. ஓப்பன்எக்ஸ்.ஆர். என்கிற பொதுத் தரம் 2019லேயே வந்துவிட்டது. ஒரு தடவை எழுதினால் கொஞ்சம் தட்டிக்கொட்டிப் பல ஹெட்செட்டில் ஓட்டலாம். கேம் எழுதுகிறவருக்கு அது பெரிய உதவி, வாங்குகிறவரின் கணக்குக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அதனால் என் வழி இது. கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் என்றால், ஸ்டீம், மெட்டா இரண்டு ஸ்டோரிலும் கிடைக்கிற கேமை ஸ்டீமில் வாங்கி ஹெட்செட்டுக்கு ஸ்ட்ரீம் செய்யுங்கள். உடற்பயிற்சி கேம், கம்ப்யூட்டரே போடாமல் அவசரத்துக்குப் பத்து நிமிஷம் ஆடுகிற கேம் மட்டும் க்வெஸ்டில் இருக்கட்டும். பணத்தைத் திரும்பப் பெறுவதில் இரண்டும் ஒன்றுதான், 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் கேட்கலாம். வி.ஆரில் இது ரொம்பவே முக்கியம், தலை சுற்றுமா சுற்றாதா என்பது ஆடிப் பார்த்தால்தான் தெரியும். பிளேஸ்டேஷனில் டவுன்லோட் ஆரம்பித்துவிட்டாலே சாதாரணமாகப் பணம் திரும்ப வராது, எனவே அங்கே டெமோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

2025 நவம்பரில் வால்வ் அறிவித்த ஸ்டீம் ஃப்ரேம் ஹெட்செட், கம்ப்யூட்டர் இல்லாமலும் ஸ்டீம் கேம்களை ஓட்டும் என்கிறார்கள், ஆண்ட்ராய்டு ஆப்களையும் ஏற்றலாமாம். க்வெஸ்டும் அடியில் ஆண்ட்ராய்டுதான் என்பதால், அதற்கு எழுதிய கேமை இங்கே கொண்டுவருவது டெவலப்பருக்குப் பெரிய வேலையாக இருக்காது. ஆனால் க்வெஸ்டில் அதை வாங்கி வைத்திருப்பவருக்கு ஸ்டீமில் இலவசமாகத் தரச் சொல்லி டெவலப்பரை யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை.