அரிசிக் கணக்கு

மார்ச் 3
மார்பைப் பெரிதாக்க இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறாள், என்னை அக்கா என்று கூப்பிடும் ஒருத்தி. 300 சிசி எப்படி இருக்கும் என்று முதலில் அரிசி கட்டிப் பார்க்கச் சொன்னேன். முந்நூறு கிராம் அரிசியை நிறுத்துக் கட்டியிருக்கிறாள். எடை இல்லடி, அளவு. 300 சிசி என்றால் 300 மில்லி. மில்லி கோடு போட்ட கப்பில் தட்டாமல் அளந்து, பழைய நைலான் சாக்ஸில் போட்டு முடிச்சு. 250 கிராம் பக்கம்தான் வரும். சிலிகான் ஜெல் இம்ப்ளான்ட் அதைவிடக் கனம், ஏறக்குறைய 300 கிராம். அப்படி இரண்டு முடிச்சு. ஸ்போர்ட்ஸ் பிராவுக்குள் வைத்து இரண்டு நாள் படியேறட்டும், பஸ்ஸில் போகட்டும், குனிந்து வீடு பெருக்கட்டும்.

மார்ச் 4
“டி கப் கிடைக்குமாக்கா?” கப் என்பது பிரா கம்பெனிக்காரன் வைத்த பெயர், கடைக்குக் கடை மாறும். டாக்டர் எடுப்பது மார்பின் அடி அகலம், சென்டிமீட்டரில். அதைத் தாண்டிய இம்ப்ளான்ட் அக்குள் பக்கம் பிதுங்கும், இல்லை நடுவில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மேல் மார்புச் சதையைக் கிள்ளிப் பார்ப்பார்கள். 2 செ.மீ.க்குக் குறைந்தால் பெரும்பாலும் தசைக்கு அடியில்தான்; மேலே வைத்தால் விளிம்பும் சுருக்கமும் தோலில் தெரியும். அடியில் வைத்தால் முதல் வாரம் வலி கூடுதல், கதவைத் தள்ளும்போதெல்லாம் மார்பு மேலே இழுபடும். இரண்டையும் சொல்லியாயிற்று. முதல் பாதிதான் காதில் விழுந்திருக்கும்.

மார்ச் 7
“பத்து வருஷத்தில் மாற்றணுமாக்கா?” மறுபடியும் அதே கேள்வி.
பத்து வருஷத்தில் மாற்றியே ஆகவேண்டும் என்று சட்டமில்லை. ஆயுசுக்கும் நிற்கும் என்றும் யாரும் எழுதித் தரமாட்டார்கள். நாளாக நாளாகக் கிழியும் வாய்ப்பு ஏறும். சலைன், அதாவது உப்புநீர் நிரப்பிய ரகம், கிழிந்தால் ஓரிரு நாளில் வற்றிவிடும், கண்ணுக்கே தெரியும். சிலிகான் ஜெல் கிழிந்தாலும் அப்படியே உட்கார்ந்திருக்கும், சத்தமே இல்லாமல். அதனால்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 5-6 வருஷத்தில் முதல் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட், பிறகு 2-3 வருஷத்துக்கு ஒருமுறை என்கிறது. ஆஸ்பத்திரி தரும் பேக்கேஜ் கணக்கில் இந்த ஸ்கேன் செலவு இருக்காது. இன்சூரன்ஸ் அழகு சிகிச்சைக்குப் பைசா தராது. புற்றுநோய், விபத்து, தீக்காயத்துக்குப் பிறகு சீரமைக்க என்றால் கதை வேறு.
24 வயதில் வைத்தால் இரண்டாவது ஆபரேஷனுக்கும் சேர்த்தே இன்று சம்மதிக்கிறாள்.

மார்ச் 8
சிகரெட் கூடாது: ஆபரேஷனுக்கு முன்னால் 4 வாரம், பின்னால் 4 வாரம். வேப் எனும் இ-சிகரெட்டும் நிகோடின்தான்.

மார்ச் 12
இம்ப்ளான்ட்டின் மேற்பரப்பு வழவழப்பா, சொரசொரப்பா? முதலில் இதைக் கேள். சொரசொரப்பு மேற்பரப்போடு சேர்ந்து வரும் லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோய் அரிது, ஆனால் நிஜம்; 2019 ஜூலையில் அலர்கன் கம்பெனி தன் சொரசொரப்பான பயோசெல் ரகத்தை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது அதனால்தான். ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகி, ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கினால் ஆன்டிபயாட்டிக்கோடு வீட்டுக்கு வராதே. தேங்கிய நீரை ஊசியில் எடுத்து, இந்தப் புற்றுநோயைத் தேடும் சிடி30 பரிசோதனைக்கு அனுப்பச் சொல்.

பிரான்ஸின் பிஐபி என்ற இம்ப்ளான்ட் கம்பெனி, மருத்துவத் தரமில்லாத தொழிற்சாலை உபயோக சிலிகானை அடைத்து விற்றது 2010இல் வெளியே வந்தபோது, தன் உடம்புக்குள் இருப்பது எது என்றே தெரியாமல் தவித்தவர்கள் உண்டு.

மார்ச் 13
ஸ்டிக்கர்! இம்ப்ளான்ட் பெட்டியிலிருக்கும் லாட் நம்பர், சீரியல் நம்பர், சைஸ். ஒன்று கேஸ் ஷீட்டில், ஒன்று அவள் கையில். போட்டோவும்.

மார்ச் 17
உடம்பு எந்த இம்ப்ளான்ட்டைச் சுற்றியும் ஒரு உறை கட்டும், அது இயல்பு. அந்த உறை இறுகினால்தான் வம்பு. இறுக்கத்தை 1 முதல் 4 வரை பிரிக்கும் பேக்கர் கணக்கில் 1, 2 என்றால் விட்டுவிடலாம். 3இல் உருவம் கோணும், 4இல் வலி. ஆபரேஷனின்போது ஒட்டிய கிருமி, உள்ளே தேங்கிய ரத்தம் இதற்குக் காரணமாகலாம். முற்றிய உறையைக் கரைக்க நம்பிக்கையான மாத்திரை கிடையாது. திறந்துதான் எடுக்கவேண்டும். இரண்டாவது ஆபரேஷன், திரும்பவும்.

மார்ச் 18
குழந்தை பற்றிக் கேட்டாள், கடைசியில். காம்பைச் சுற்றிக் கீறினால் பால் நாளமும் உணர்ச்சி நரம்பும் அறுபடும் அபாயம் கூடுதல். மார்புக்கு அடி மடிப்பில் கீறினால் குறைவு, தழும்பும் மறையும். இரண்டு வருஷத்தில் குழந்தை என்றால் இப்போது எதற்கு? பால் நிறுத்தி ஆறு மாசமாவது போனால்தான் மார்பு ஒரு நிலைக்கு வரும்.
பதில் இல்லை. நீல டிக் மட்டும்.

மார்ச் 20
போர்டில் ‘காஸ்மெட்டிக்’ என்றிருந்தால் போதாது. டாக்டருக்கு பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. (இப்போது டி.ஆர்.என்.பி.) பட்டம் இருக்கவேண்டும். மயக்க மருந்து கொடுப்பது யார், ராத்திரி ரத்தம் கட்டினால் யாரைக் கூப்பிடுவது என்றும் கேட்கவேண்டும். சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் இந்த ஆபரேஷனை 2018இல் இலவசமாகத் தொடங்கியபோது ‘இதெல்லாம் அரசாங்கத்துக்கு எதற்கு’ என்றவர்கள் நிறைய. பணமில்லாதவள் தெருமுனை கிளினிக்கில் படுக்கலாமாக்கும்.

மார்ச் 22
இம்ப்ளான்ட்டை எடுத்துவிட்டால் எப்படி இருக்கும்? யாருமே கேட்காத கேள்வி. விரிந்த தோல் முழுசாகத் திரும்பாது. தொய்ந்த மார்பைத் தூக்கிக் கட்ட இன்னொரு தழும்பு.

மார்ச் 24
அரிசியை டப்பாவிலேயே கொட்டிவிட்டாளாம். “275 சிசி போதும்க்கா.” ஆபரேஷன் தேதி கேட்டேன்.