இல்லாத விமானம்: ஹைன்கெல் 113 கட்டிய நாட்கள்

ஜூன் 4
பெட்டியைப் பிரித்தேன். ஹைன்கெல் 100 என்ற ஜெர்மன் போர் விமானத்தின் மாதிரி, 1/48 அளவு. அசலில் இறக்கை நுனிக்கு நுனி 9.4 மீட்டர், என் மேசையில் 20 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் நான் கட்டப்போவது 113. அப்படியொரு விமானம் இருந்ததே இல்லை. 1940-ல் ஜெர்மானியர்கள், கைவசமிருந்த ஒரு டஜன் ஹைன்கெல் 100-களுக்குப் போலிப் படைச் சின்னங்கள் தீட்டிப் படமெடுத்து, புதிய போர் விமானம் வந்துவிட்டதாகப் பரப்பினார்கள். பிரிட்டிஷ் விமானிகள் சிலர் அதோடு சண்டையிட்டதாகவே அறிக்கை கொடுத்தார்கள்! எத்தனை முறை படித்தாலும் இந்தக் கதை என்னை விடுவதில்லை.

ஜூன் 7
காக்பிட் முடிந்தது. உடற்பகுதியின் இரு பாதிகளையும் ஒட்டியாயிற்று.

ஜூன் 11
இறக்கை உடலோடு சேரும் இடத்தில் நகம் நுழையும் இடைவெளி. புட்டி வைத்து, காய்ந்ததும் ஈர உப்புத்தாளால் தேய்த்தேன். விரலால் தடவினால் சரி. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மயிரிழை மேடு தெரிகிறது. மறுபடி புட்டி, மறுபடி தேய்ப்பு. இதே வகையின் சோதனை விமானம் ஒன்று 1939 மார்ச் 30 அன்று மணிக்கு 746 கி.மீ. பறந்து உலக சாதனை படைத்தது. காற்றுத் தடை கூடாதென்று எஞ்சின் நீராவியை இறக்கைத் தோலுக்கு அடியிலேயே குளிரவைத்தார்கள். அதன் இறக்கையில் மேட்டை விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. தேய்த்ததில் அழிந்துபோன தகட்டுக் கோடுகளை ஊசியால் திரும்பக் கீறினேன்.

ஜூன் 15
பிரைமர். மேலே பச்சை, கீழே வெளிர்நீலம்.

ஜூன் 19
டீகேல் (சின்னம் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டியதும் அடியில் வெள்ளி வெள்ளியாகக் காற்றுக்குமிழி. பளபள வார்னிஷ் அடிக்காமல் சொரசொரப்பான பெயின்ட் மேலேயே ஒட்டிவிட்டேன், என் அவசரம். ஊசியால் குத்தி, மென்மையாக்கும் திரவத்தை ஒரு சொட்டு விட்டதும் சுருங்கி, பிறகு தோல்போல் படிந்தது. வலப்பக்கத்துக்கு வேறொரு சின்னம் எடுத்திருக்கிறேன். அதே விமானங்களுக்குத்தானே சின்னத்தை மாற்றி மாற்றிப் படமெடுத்தார்கள்?

ஜூன் 22
புகைக் கறை போடுவதா? இரண்டு நாள் யோசனை. எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பின்னால் லேசாகப் போட்டேன்; அது பறந்த விமானம். துப்பாக்கி வாய்களில் போடவில்லை. அந்தப் போலிப் படைகளுக்காக அது ஒரு குண்டும் சுட்டதில்லை.

ஜூன் 24
அலமாரியில் இடப்பக்கம் தெரிய வைத்தேன். நாளை திருப்பி வைப்பேன்.