பெரியப்பாவின் 118

எங்கள் பெரியப்பாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பாளையங்கோட்டையில் அவர் குடியிருக்கும் தெருவில் அந்த நோயைப் பற்றிக் கேள்விப்படாதவர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை. தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வின் முதற்கட்டத்தில், இப்படியொரு நோய் இருப்பதை அறிந்தவர்கள் 43 விழுக்காட்டினரே என்று படித்தபோது வியப்பாக இருந்தது. ஆனால் என்னைக் கவலைப்படுத்துவது கேள்விப்படாத மீதிப் பேர் அல்லர்; கேள்விப்பட்டு, எல்லாம் தெரியும் என்றிருக்கும் எங்கள் வீட்டார்தான்.

பெரியப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை என்பது பள்ளிக்கூடத்துப் பரீட்சை. மூன்று நாள் முன்னதாகவே சோற்றைப் பாதியாக்கி, காப்பிக்குச் சீனி வேண்டாமென்று சொல்லி, வ.உ.சி. மைதானத்தைக் காலையும் மாலையும் சுற்றி வருவார். வெறும் வயிற்றில் 118 என்று வந்த சீட்டைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, அன்று மாலையே டவுனுக்குப் போய், நெய் வழியும் அல்வாவை இலையில் வாங்கி நின்றபடியே தின்றுவிட்டு வருவார். பாஸாகிவிட்டாரல்லவா!

சென்ற ஆண்டு புதிதாகப் பார்த்த மருத்துவர் எச்பிஏ1சி என்னும் வேறொரு ரத்தப் பரிசோதனையை எழுதிக் கொடுத்தார். 9.2 என்று வந்தது. “லேப்காரன் யாரு ரத்தத்தையோ மாத்திக் குடுத்துட்டாம்ல” என்றார் பெரியப்பா. மாற்றவில்லை. ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. அந்த அணுக்கள் ஏறத்தாழ 120 நாள் உயிரோடு இருப்பதால், இரண்டு மூன்று மாதங்களாக என்ன நடந்தது என்பதை அவை சுமந்து திரிகின்றன. 6.5-ஐத் தொட்டாலே நீரிழிவு. வெறும் வயிற்றில் எடுக்கும் ரத்தம் அன்றைய காலைப் பொழுதைத்தான் சொல்லும். தின்ற அல்வாவை எல்லாம் சொல்லாது.

பெரியம்மாவின் கணக்கு வேறு. சீனி டப்பா வீட்டைவிட்டுப் போய்ப் பல ஆண்டுகளாயிற்று. அதன் இடத்தில் உடன்குடிக் கருப்பட்டி இருக்கிறது. “கருப்பட்டி ஒடம்புக்கு நல்லதுல்லா” என்று இரண்டு துண்டு தட்டிப் போட்டுக் கொடுப்பார்கள். பதநீரைக் காய்ச்சி எடுக்கும் அதிலும் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் தாது உப்புகள் கூடுதல் என்பதால் ரத்தம் அதை வேறாகக் கருதுவதில்லை. சோற்றுக்குப் பதில் ராத்திரி ஆறு சப்பாத்தி தின்பதும் இந்த வகையே, கோதுமையிலும் மாவுச்சத்துதான். நோய்க்கே சர்க்கரை என்று பெயர் வைத்துவிட்டதால், இனிக்காதது எதுவும் குற்றவாளி ஆவதில்லை போலும். இன்சுலின் ஊசி என்றாலே கடைசிக் கட்டம் என்று நடுங்குவதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

இவ்வளவும் பேசித் தீர்க்கக்கூடிய பிழைகள் என்றே நினைத்திருந்தேன், ஆனித் தேரோட்டம் வரும்வரை. நெல்லையப்பர் தேருக்கு வடம் பிடிக்கச் செருப்பில்லாமல் போன பெரியப்பா, வெயிலில் காய்ந்த ரத வீதியில் வெகுநேரம் நின்றிருக்கிறார். அன்று ராத்திரி திண்ணையில் காலை நீட்டி அவர் உட்கார்ந்திருந்தபோது, பேத்திதான் முதலில் பார்த்தாள்: வலது உள்ளங்காலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கொப்புளம், உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. வலிக்கவில்லையா என்று கேட்டதற்கு, வலித்தால் தெரிந்திருக்காதா என்றார். நெடுநாள் கூடியே இருந்த சர்க்கரை காலின் நரம்புகளை முதலில் மரக்கடிக்கும் என்பதும், சூடும் முள்ளும் தெரியாமல் போன கால்தான் புண்ணாகி, சீழ் பிடித்து, சிலருக்கு வெட்டி எடுக்கும் நிலைவரை போகிறது என்பதும் பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் காதில் விழவே இல்லை. நாங்களும் சொல்லவில்லை.

புண் ஆற ஏழு வாரம் ஆனது. இப்போது அவர் முகம் மழிக்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, படுக்கப் போகுமுன் இரண்டு உள்ளங்கால்களையும் அதில் காட்டிப் பார்க்கிறார். 118 எழுதிய சீட்டு மட்டும் இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது.