பிரின்சிபாலின் வெள்ளிக்கிழமைக் கடிதம் எங்களுக்கு மட்டும் வரவில்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்கு வேலை மாற்றலாகி வந்து, பிள்ளையை இங்குள்ள அரசுத் தொடக்கப்பள்ளியில் சேர்த்துவிட்டு, அப்பாடா முடிந்தது என்று உட்கார்ந்திருக்கும் நம் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். சேர்க்கைக் காகிதங்களைப் பற்றி நீட்டப் போவதில்லை. பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, விசா, முகவரிச் சான்று, நகல்களில் போலீஸ் ஸ்டேஷனில் இலவசமாகக் குத்தித் தருகிற முத்திரை, ஜூன் 30-க்குள் ஆறு வயது. அதெல்லாம் எங்களுக்கு ஒழுங்காகவே முடிந்தது. அவதி அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது, அதுவும் ஒரே ஒரு போன் நம்பரால்.

எங்கள் பள்ளி, டர்பனில் இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் நிறைய இருக்கும் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கிறது. பிரின்சிபால் வெள்ளிக்கிழமைதோறும் பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதுவார், பள்ளிச் செய்திகளுக்கென்று இருக்கும் ஆப் வழியாக அது போனுக்கு வரும். ஊரில் நாம் பழகிய டயரியோ நோட்டீஸ் போர்டோ இங்கே அந்த வேலையைச் செய்வதில்லை. அடுத்த வாரம் எந்த நாள் சீருடை வேண்டாம், எந்த நாள் பள்ளி சீக்கிரம் விடும், குளிர்கால உடுப்புக்கு எப்போது மாற வேண்டும், விளையாட்டு நாளில் எந்த ஹவுஸுக்கு என்ன நிறம், எந்தப் படிவத்தை எந்தத் தேதிக்குள் திருப்பித் தர வேண்டும் என்று எல்லாமே அந்தக் கடிதத்துக்குள்தான். டீச்சரைக் கேட்டால் "பிரின்சிபால் லெட்டரில் இருக்கிறதே" என்பார். அந்த லெட்டர் முதல் பருவம் முழுக்க எங்களுக்கு வரவே இல்லை. ஆப் போனில் இருந்தது, திறந்தால் பள்ளி காலண்டர் தெரிந்தது, வகுப்பு டீச்சர் போடும் வீட்டுப்பாடமும் வாட்ஸப்பில் வந்துகொண்டிருந்தது. அதனால் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று சந்தேகப்படவே வழியில்லை.

முதலில் அடிபட்டது மகள்தான். இங்கே சில நாள்களில் பிள்ளைகள் பத்து ராண்ட் கொடுத்துவிட்டு வண்ண உடையில் வரலாம், சிவ்வீஸ் டே என்பார்கள், சேரும் பணம் பள்ளிச் செலவுக்குப் போகும். பள்ளி முழுவதும் கலர் கலராக நிற்க, என் பெண் மட்டும் சாம்பல் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாக நின்றாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "அம்மா, எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, நமக்கு மட்டும் ஏன் தெரியல?" என்று கேட்டாள். எனக்கும் பதில் தெரியவில்லை.

அடுத்ததுதான் நிஜமாகவே பயமுறுத்தியது. டர்பனில் தண்ணீர் வராத நாள்கள் உண்டு, இங்கே இருப்பவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. குழாயில் தண்ணீர் இல்லையென்றால் கழிப்பறை நாறும், பள்ளியைச் சீக்கிரம் விட்டுவிடுவார்கள். அன்று காலை பத்தரைக்கு விட்டுவிட்டார்கள், செய்தி அதே ஆப்பில் போயிருக்கிறது. நான் வழக்கமான நேரத்துக்குப் போனபோது கேட்டில் செக்யூரிட்டி அண்ணனும் என் மகளும் மட்டும்தான். அவர் தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு வெயிலில் நின்றுகொண்டிருந்தார், அந்த மனிதருக்கு நான் என்றைக்கும் நன்றி சொல்வேன். ஆபீஸில் யாரும் எனக்கு ஒரு போன் கூடச் செய்யவில்லை.

பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் பேரன் அதே பள்ளிதான். சாட்ஸ்வர்த்திலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் கொஞ்சம் கொஞ்சம் பேசுவார், மாரியம்மன் திருவிழா என்றால் எனக்கு முன்னால் அவர்தான் கிளம்புவார். "நீ பிரின்சிபால் லெட்டர் படிக்கிறதில்லையா கண்ணு?" என்று தன் போனைக் காட்டினார். வாராவாரம் வந்த கடிதங்கள் வரிசையாக இருந்தன. தண்ணீர் செய்தியும் இருந்தது, காலை 9:40-க்கே போயிருக்கிறது.

மறுநாளே ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "அனுப்பியிருக்கிறோம் மேடம், சென்ட் என்று காட்டுகிறது" என்றார். எந்த நம்பருக்கு அனுப்பியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "அதை நான் காட்டக்கூடாது, போப்பி சட்டம்." அதாவது தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம், 2021 ஜூலை 1 முதல் முழுசாக அமலில் இருப்பது. என் நம்பரை எனக்கே காட்ட முடியாது என்று அந்தச் சட்டத்தின் பெயரால் சொன்னார். சரி, நம்பரை மாற்றியாவது கொடுங்கள் என்றால், அதற்கு முகவரிச் சான்று புதிதாக வேண்டுமாம், மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக. போன் நம்பர் மாற்ற முகவரிச் சான்று எதற்கு என்று நான் கேட்டதற்கு, "அதுதான் எங்கள் நடைமுறை" என்பதோடு ஜன்னல் கதவு மூடிக்கொண்டது.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், லைட் பில், தண்ணீர் பில் எல்லாம் வீட்டுக்காரர் பெயரில்தான் வரும். அவர் பில்லின் நகலை வாங்கி, இன்னார் என் வீட்டில்தான் குடியிருக்கிறார் என்று அவர் கையெழுத்தோடு ஒரு அஃபிடவிட் போலீஸ் ஸ்டேஷனில் போட வேண்டும். காசு கிடையாது, ஆனால் வீட்டுக்காரரும் நேரில் வர வேண்டும், அவர் கையெழுத்தை அங்கே போலீஸ்காரர் முன்னால்தான் போட வேண்டும். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோகாதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்கள் வீட்டுக்காரர் பெரிய மனதோடு வேலையை விட்டுவிட்டு வந்தார். அந்தக் காகிதத்தோடு பள்ளிக்குப் போனால், பெற்றோருக்கான நேரம் பத்து மணியோடு முடிந்தது என்று அதே ஜன்னல் மூடியிருந்தது. நேரத்தை எழுதி ஒட்டியிருந்தால் நான் ஏன் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அங்கே நிற்கப் போகிறேன்?

அன்று ராத்திரி அந்தப் போப்பி சட்டத்தையே எடுத்து உட்கார்ந்து படித்தேன். ஆபீஸில் சொன்னதற்கு நேர்மாறாக இருந்தது. ஒருவரைப் பற்றி என்ன தகவல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவும், அது தவறாக இருந்தால் திருத்தச் சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு என்று 23, 24-ஆம் பிரிவுகள் சொல்கின்றன. திருத்தம் கேட்பதற்கென்றே விதிமுறைகளில் படிவம் 2 என்று ஒன்று இருக்கிறது. இறக்கி, பூர்த்தி செய்து, பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன். அடுத்தவர் நம்பரைக் காட்டாமல் இருக்கத்தான் சட்டம், நம் நம்பரை நம்மிடமிருந்து மறைக்க அல்ல. இந்தச் சாக்கு உங்களுக்கும் வரும், தயாராக இருங்கள்.

ஜன்னலுக்கு நான் மறுபடி போகவில்லை. காலை மணி அடிக்கும் முன் பிரின்சிபால் கேட்டில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் சொல்லி வணக்கம் சொல்வார் என்று ஆன்ட்டி சொல்லியிருந்தார். அங்கே போய் நின்றேன். படிவத்தை நீட்டியதும் வாங்கிப் படித்தார், என் மகளைப் பார்த்தார், "அன்றைக்கு தண்ணீர் இல்லாத நாளில் கேட்டில் இருந்தது இவளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. என்னைக் கையோடு ஆபீஸுக்கு அழைத்துப்போய் திரையை என் பக்கம் திருப்பச் சொன்னார். +91-இல் ஆரம்பிக்கும் நம்பர். சேர்க்கைப் படிவத்தில் எங்கள் இந்த ஊர் நம்பரைத்தான் எழுதியிருந்தோம், படிவம் கோப்பில் அப்படியே இருந்தது. விசாத் தாளில் இருந்த, எப்போதோ அணைந்துபோன சென்னை நம்பரை எடுத்து யாரோ ஏற்றியிருக்கிறார்கள். ஒரு பருவம் முழுக்க வந்த செய்திகள் எல்லாம் அந்தச் செத்த நம்பருக்குத்தான் போயிருக்கின்றன. ஐந்து நிமிடத்தில் மாற்றினார்கள். வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போய்ப் போட்ட அஃபிடவிட்டை யாரும் கேட்கவே இல்லை.

ஆகவே புதிதாகச் சேர்ப்பவர்கள் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியது இதுதான்: ஆபீஸில் இருப்பவர் கண்ணெதிரே உங்கள் போனுக்கு ஒரு சோதனைச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள், அது கையில் ஒலிக்கும் வரை நகராதீர்கள். சென்ட் என்று அவர்கள் திரை காட்டுவது நம் போனுக்கு வந்ததாக ஆகாது. அப்பா, அம்மா இருவர் நம்பரையும் தனித்தனியாக ஏற்றச் சொல்லுங்கள், பல இடங்களில் முதல் நம்பரை மட்டும் ஏற்றிவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

பழைய கடிதங்களையும் கேட்டேன். பிரின்சிபாலே அச்செடுத்துக் கொடுத்தார். அன்று மாலை டீ ஆறிப்போனது கூடத் தெரியாமல் உட்கார்ந்து படித்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஐஸ்கிரீம் டப்பாவில் அவரை விதை போட்டது, லைப்ரரிக்குப் பழைய புத்தகம் கொண்டுவந்த தாத்தா, சாப்பாடு கொண்டுவராத பிள்ளையோடு தன் ரொட்டியைப் பாதியாகப் பிய்த்துக்கொண்ட இன்னொரு பிள்ளை (பெயர் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டது எனக்குப் பிடித்தது), மழை நாளில் காரை எங்கே நிறுத்தக் கூடாது என்று கொஞ்சம் கோபமாக ஒரு பத்தி. பிள்ளை பகலெல்லாம் இருக்கிற இடம் எப்படிப்பட்டது என்பது அந்தப் பக்கங்களைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. இதை ஒரு பருவம் முழுக்க இழந்தோமே என்று வயிறு எரிந்தது.

எரிய இன்னொரு காரணமும் அதிலேயே இருந்தது. பிப்ரவரிக் கடிதம் ஒன்றோடு தமிழ் வகுப்புக்கான படிவம் போயிருக்கிறது. பள்ளி விட்ட பிறகு நடக்கும் வகுப்பு, டீச்சருக்குச் சம்பளம் அரசு தருவதில்லை, பெற்றோர் தேர்ந்தெடுக்கும் பள்ளி நிர்வாகக் குழு, எஸ்ஜிபி என்று இங்கே சொல்வார்கள், அவர்கள்தான் கட்டணத்திலிருந்து கொடுக்கிறார்கள். அந்த வெள்ளிக்குள் படிவம் வராத பிள்ளைகள் வேண்டாம் என்று சொன்னதாகக் கணக்கு. என் பெண் வீட்டில் பேசுவது தமிழ், நான் எழுதப் பழக்குவதும் தமிழ், பள்ளிப் பதிவேட்டிலோ அவளுக்குத் தமிழ் வேண்டாம். கேட்டபோது "பட்டியல் மூடிவிட்டது, அடுத்த வருடம்" என்றார்கள்.

இதற்கு நான் விடவில்லை. திருத்தம் கேட்டுக் கொடுத்த படிவம் 2-இன் பிரதி, சேர்க்கைப் படிவத்தின் பிரதி, இரண்டையும் இணைத்து நிர்வாகக் குழுத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதி பிரின்சிபாலிடமே கொடுத்தேன். செய்தி எங்களுக்கு வராததற்குக் காரணம் பள்ளியின் பதிவு, அதனால் கெடு எங்களுக்குப் பொருந்தாது என்று இரண்டே வரி. வாயால் சொன்னபோது நகராதது காகிதத்தில் நகர்ந்தது. இரண்டாம் பருவம் தொடங்கியதும் சேர்த்துக்கொண்டார்கள். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் தமிழ் பேசாத, நான்கைந்து தலைமுறையாக இங்கேயே இருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களோடு உட்கார்ந்து அ, ஆ சொல்வதில் என் மகளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

பட்ஜெட் கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் கடிதத்தைத் தவறவிட்டால் நஷ்டம் பெரியது. அடுத்த வருடக் கட்டணத்தை முடிவு செய்யும் பெற்றோர் கூட்டத்துக்கு 30 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது 1996-ஆம் வருடப் பள்ளிச் சட்டம். பட்ஜெட்டை 14 நாள் முன்பிருந்தே பள்ளியில் போய்ப் பார்க்கலாம். வந்திருப்பவர்களில் பெரும்பான்மை எப்படி வாக்களிக்கிறதோ அதுதான் முடிவு, வராதவர் வாக்கு எங்கேயும் சேராது. இந்த முறை கடிதம் வந்தது, நானும் போய்ப் பட்ஜெட்டைப் பார்த்தேன். தமிழ் டீச்சரின் சம்பளம் பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தது. ஆன்ட்டியிடம் சொன்னேன், அவர் தெரு முழுக்கச் சொன்னார்.

கூட்டத்தில் ஆன்ட்டியே எழுந்து பேசினார். இந்த நாட்டு அரசியல் சாசனத்தின் ஆறாவது பிரிவில், மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளின் பட்டியலில் தமிழும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது, எங்கள் பாட்டன்மார் 1860-இலிருந்து கரும்புத் தோட்டத்தில் உழைத்த ஊரில் இரண்டு மணி நேர வகுப்புக்கு வழியில்லையா என்று கேட்டார். மண்டபத்தில் கை தட்டியவர்களில் ஜூலு மொழி பேசும் ஆப்பிரிக்கக் குடும்பங்களும் இருந்தார்கள், அவர்கள் பிள்ளைகள் இருவர் அந்த வகுப்பில் படிக்கிறார்கள். சம்பளத்தைக் குறைக்காமல், விளையாட்டு நாள் பந்தல் செலவைக் குறைத்துக்கொள்வது என்று வாக்கெடுப்பில் முடிவானது. அடுத்த வெள்ளிக் கடிதத்தில் பிரின்சிபால் அதையும் எழுதியிருந்தார்.

இப்போது நான்காம் பருவம். டிசம்பர் கடைசிக் கடிதத்தோடு ஜனவரிக்கான நோட்டுப் புத்தகப் பட்டியல் வரும், கடைகளில் கூட்டம் சேரும் முன் வாங்கி பழுப்புக் காகிதமும் பிளாஸ்டிக்கும் போட்டு வைத்துவிடுங்கள். இந்த விடுமுறையில் போன் நம்பர் மாற்றுகிறவர்கள், பள்ளி மூடும் முன் படிவம் 2-ஐக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு உங்கள் பிரதியில் தேதியும் முத்திரையும் வாங்கிவிட்டு ஊருக்குப் புறப்படுங்கள்.