பரண்ல இருந்து இறங்குன லேப்டாப்பும் அப்பாவோட யளனகபவும்

வீட்டுக்கு வெள்ளை அடிக்கறதுக்காக பரண காலி பண்ணும்போது என்னோட பழைய கவர்மென்ட் லேப்டாப் பையோட கிடைச்சுது. 2012ல ப்ளஸ் டூ படிக்கும்போது ஸ்கூல்ல வரிசைல நின்னு வாங்குனது, மூடி மேல கோபுர முத்திரை அப்படியே இருக்கு, பேட்டரி மட்டும் செத்துப் போச்சு. 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், பாஸ் லினக்ஸ்னு இன்னொரு ஓஎஸ்ஸும் ரெண்டும் ஏத்தியே குடுத்தாங்க. ஸ்டார்ட்டர்ல வால்பேப்பர் கூட மாத்த முடியாது, பாஸ்னா என்னன்னே எங்க செட்ல ஒருத்தனுக்கும் தெரியாது, வாங்குன வாரமே ரெண்டையும் அழிச்சுட்டு திருட்டு விண்டோஸ் போட்டுக்கிட்டோம்.

அப்போ அப்பா பக்கத்துல வந்து நின்னு, இதுல தமிழ் டைப் அடிக்கலாமாடான்னு கேட்டாரு. அவரு தாலுகா ஆபிஸ்ல டைப்பிஸ்ட்டா இருந்தவரு, தமிழ் டைப்ரைட்டிங்ல ஹையர் பரீட்சை பாஸ் பண்ணவரு. அதெல்லாம் வராதுப்பான்னு சொல்லிட்டு கேம் ஆட உக்காந்துட்டேன்.

சரி, இப்ப விஷயத்துக்கு வரேன். விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபரோட முடிஞ்சுது, 11க்கு 4 ஜிபி ராமும் டிபிஎம் 2.0ங்கற செக்யூரிட்டி சிப்பும் வேணும், இந்தக் கிழத்துக்கிட்ட ரெண்டும் இல்ல. அதனால டெபியன் 13ங்கற லினக்ஸ, மெஷினுக்கு பாரமில்லாத எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்போட போடலாம்னு முடிவு பண்ணேன். 13ல பழைய 32 பிட் ப்ராசசருக்கான இன்ஸ்டாலரையே நிறுத்திட்டாங்க, ஆனா பழைய மெஷின்னாலே 32 பிட்னு நினைச்சுடாதீங்க, இது 64 பிட்தான், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட்ல மட்டும்தான் வந்துச்சு அவ்வளவுதான்.

இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி சென்னைல எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்குற ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒரு செகண்ட்ஹேண்ட் டிடிஆர்3 ராமும், ஹார்ட் டிஸ்க்குக்கு பதிலா போடுற வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டியும் வாங்குனேன். கடைக்காரரு மெஷின திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "தம்பி, பேசாம ஸ்கிராப்புக்குப் போட்டுடுங்க"ன்னாரு. உண்மையச் சொல்லணும்னா ஓஎஸ் மாத்துனத விட ஹார்ட் டிஸ்க்க கழட்டிட்டு எஸ்எஸ்டி போட்டதுதான் பெரிய வித்தியாசம், லினக்ஸ் போட்டா பழைய லேப்டாப் பறக்கும்னு சொல்றவங்க இத மட்டும் சொல்லவே மாட்டாங்க.

இன்ஸ்டால்ல ரெண்டு எடத்துல மாட்டுனேன். ஒண்ணு வைஃபை. டெபியன் 12ல இருந்தே ஃபர்ம்வேர், அதாவது சிப்ப வேலை செய்ய வைக்குற சின்ன சாஃப்ட்வேர் எல்லாம் இன்ஸ்டாலர்லயே வருதுன்னு தைரியமா உக்காந்தா, என் மெஷின்ல இருக்குற சிப்போட ஃபர்ம்வேர மத்தவங்க எடுத்துக் குடுக்க லைசென்ஸே இல்லையாம், அதனால அது டிஸ்க்ல வராது, நெட்ல இருந்து நாமளே இறக்கணும், நெட்டுக்கு வைஃபை வேணும், வைஃபைக்கு நெட் வேணும். கொஞ்ச நேரம் முழிச்சுட்டு அப்புறம்தான் தோணுச்சு, போன யுஎஸ்பி கேபிள்ல சொருகி, போன் நெட்ட லேப்டாப்புக்குக் குடுக்குற டெதரிங்க ஆன் பண்ணேன், கேபிள் நெட்வொர்க் மாதிரியே எடுத்துக்குச்சு, வேலை முடிஞ்சுது.

ரெண்டாவது என் அதிகப்பிரசங்கித்தனம். ரூட், அதாவது மெஷினோட தலைமை அக்கவுண்ட்டுக்கு பாஸ்வேர்ட் கேக்குற எடத்துல பொறுப்பா ஒண்ணு அடிச்சு வச்சேன். அத காலியா விட்டாத்தான் நம்ம யூசருக்கு சூடோ, அதாவது ரூட்டோட அதிகாரத்துல கமாண்ட் அடிக்கற உரிமை கிடைக்கும், குடுத்துட்டா கிடைக்காது. எல்லாம் முடிஞ்சு முதல் கமாண்ட் அடிச்சதும், நீ சூடோவர்ஸ் லிஸ்ட்லயே இல்லன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லுச்சு. ரூட்டா உள்ள போய் என்ன சூடோ குரூப்ல சேத்துட்டு, லாக் அவுட் பண்ணி திரும்ப உள்ள வந்தேன். இந்த சிக்கல் டெபியன் ஆளுங்க எல்லாருக்கும் ஒரு தடவையாவது நடந்திருக்கும்.

அப்புறம் தமிழ்ல டைப் அடிக்கறதுக்கு ஐபஸ்ங்கற சாஃப்ட்வேரும், தமிழ் லேஅவுட்டுக்காக அதோட எம்17என் பேக்கேஜும் போட்டேன். தமிழ்99 கீபோர்ட் லேஅவுட் இருக்கான்னு பாக்கத்தான் லிஸ்ட்ட திறந்தேன், எனக்கு அதுதான் பழக்கம். கீழ பாத்தா தமிழ் டைப்ரைட்டர்னு தனியா ஒரு லேஅவுட். அப்பாவ கூப்பிட்டேன். கண்ணாடிய மாட்டிக்கிட்டு வந்தாரு, கீபோர்ட பாக்கவே இல்ல, இடது கை விரல வரிசையா வச்சு யளனகப யளனகபன்னு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல முதல் பாடம் அடிக்கற மாதிரி ஒரு வரி முழுக்க அடிச்சாரு. கீ ரொம்ப மெத்துன்னு இருக்குடான்னாரு.

பாஸ் லினக்ஸ் பத்தி அப்புறம் படிச்சுப் பாத்தேன். மத்திய அரசோட கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கோட சென்னை மையத்துல இதே டெபியன அடிப்படையா வச்சுத்தான் பண்ணியிருக்காங்க, இந்திய மொழிகள்ல வேலை செய்யணும்ங்கறதுதான் அதோட முக்கியமான நோக்கமே. அப்பாகிட்ட சொன்னேன்.

"அப்ப நீ அழிச்சதுலயே தமிழ் இருந்துச்சா?"

ஆமாப்பான்னேன். அவரு ஒண்ணும் சொல்லல, அடுத்த வரி அடிக்க ஆரம்பிச்சாரு. பேட்டரி செத்த மெஷின், கால் பட்டு சார்ஜர் கழண்டுச்சுன்னா அடிச்சது பூரா போயிடும்னு நான் ஒயர சுருட்டி கட்டிலுக்கு அடியில தள்ளி விட்டுட்டு உக்காந்திருந்தேன்.