29பி: ஏற்காட்டு இரவுகள்

ஜனவரி 24
பனி. 29பி இப்போது சிம்மத்தில் இருக்கும் வால்மீன்; அவ்வப்போது வெடித்துத் திடீரென்று பிரகாசமாகும். அதைப் பிடிக்கத்தான் இரவுதோறும் படமெடுத்து அளக்கிறேன். இன்று சிம்மம் சில்வர் ஓக் மரங்களைத் தாண்டி ஏறுவதற்குள் சிறு கண்ணாடி வேர்த்துவிட்டது. நியூட்டோனியன் தொலைநோக்கியில் பெரிய கண்ணாடி குழாயின் அடியில் பத்திரமாக இருக்கும். வாய்ப்பக்கம் இருக்கும் சிறியதுதான் முதலில் மாட்டிக்கொள்ளும். அதன் முதுகில் ஒட்டிய ஹீட்டருக்கு 12 வோல்ட்டில் ஒன்றிரண்டு வாட் போதும். கூட்டினால் குழாய்க்குள் சூடு அலைந்து நட்சத்திரங்கள் ஊதிப்போகும்.

வேர்த்த கண்ணாடியில் எடுத்த படத்தை அளக்கவே கூடாது. பிரகாசத்தை ஒப்பிட வைத்துக்கொள்ளும் ஒப்பீட்டு நட்சத்திரமும் சேர்ந்துதானே மங்குகிறது, கணக்கு நேராகிவிடும் என்று தோன்றும். ஆகாது. படலம் ஒளியை மங்கச் செய்வதோடு நிற்காமல் சிதறவும் அடிக்கிறது. புள்ளியாக இருக்கும் நட்சத்திரமும் வால்மீனின் கருவைச் சுற்றிப் பரவிக் கிடக்கும் தூசி மேகமான கோமாவும் அதில் ஒரே மாதிரி கெடுவதில்லை.

ஜனவரி 25
வானத்தின் வட துருவம் இங்கே அடிவானத்திலிருந்து 12 டிகிரிகூட இல்லை. துருவ நட்சத்திரம் மரங்களுக்குப் பின்னால். அதனால் அந்த நட்சத்திரத்தைப் பார்த்து அச்சை நிறுத்த உதவும் துருவக் குழலை மறந்துவிட்டு, வானத்தில் மூன்று இடங்களைப் படமெடுத்து, நட்சத்திரப் பட்டியலோடு பொருத்தி அச்சைத் திருத்தும் வழிதான். இன்னொரு தொல்லை, தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் இக்யூ6 மாதிரி மவுண்டை இவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால் எதிர்எடை முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கும். முக்காலிக்கும் மவுண்டுக்கும் நடுவில் ஒரு நீட்டிப்புக் குழாய் வைக்க வேண்டும். குளிர்நாட்டுக் கையேடுகளில் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

ஜனவரி 27
8 இஞ்ச், எஃப்/4, குவியத்தூரம் 800 மில்லிமீட்டர். கேமரா பிக்சல் 3.76 மைக்ரான். ஆக ஒரு பிக்சலுக்கு 0.97 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3,600 ஆர்க்செகண்ட்). வால்மீன் இப்போது மணிக்கு 17 ஆர்க்செகண்ட் போல நகர்கிறது. 120 விநாடியில் அரை பிக்சலைக் கொஞ்சம் தாண்டும், கோடாக இழுபடாது. 30 பிரேம் சேர்த்தால் ஒரு மணி நேரம். ஒரே தொகுப்பை இரண்டு முறை அடுக்க வேண்டும்: நட்சத்திரங்களை நிறுத்தி ஒன்று, வால்மீனை நிறுத்தி ஒன்று.

ஜனவரி 29, தை அமாவாசை
நல்ல இருட்டு. சேலத்து வெளிச்சம் தெற்கு வானத்தின் அடியைத் தின்றுவிட்டது. ஆனால் நடுராத்திரி தாண்டினால் சிம்மம் உச்சிக்கே வந்துவிடுவதால் 29பியை அது தொடவில்லை. 16ஆம் மேக்னிட்யூட் (பிரகாச அளவு, எண் கூடினால் மங்கல்) வாக்கில் ஒரு பஞ்சுத் துணுக்கு. வெடிப்பு இல்லை. அமைதி.

ஒப்பீட்டு நட்சத்திரங்களைச் சூரியன் நிறத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். வால்மீன் தூசி காட்டுவது சூரிய ஒளியைத்தானே. கையா விண்கலத்தின் நட்சத்திரப் பட்டியலில் நிறத்தைச் சொல்லும் பிபி−ஆர்பி எண் 0.7 முதல் 0.95 வரை உள்ளவை போதும். சிவந்த நட்சத்திரங்களைக் கலந்தால் இரவுக்கு இரவு எண் ஆடும், அதை வால்மீனின் ஆட்டம் என்று நம்பத் தோன்றும்.

பிப்ரவரி 1
மாற்றம் இல்லை.

பிப்ரவரி 4
வட்டம். படத்தில் வால்மீனைச் சுற்றி எந்த வட்டத்துக்குள் இருக்கும் ஒளியை அளப்பது?

தூசியின் அளவை ஒப்பிட 10,000 கிலோமீட்டர் ஆரம் எடுப்பது வழக்கம். 29பி பூமியிலிருந்து 5.3 வானியல் அலகு (சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரம் ஒரு அலகு) தூரத்தில் இருக்கும்போது ஒரு ஆர்க்செகண்ட் என்பது 3,800 கிலோமீட்டருக்கு மேல். அப்படியானால் 10,000 கிலோமீட்டர் வெறும் 2.6 ஆர்க்செகண்ட். மலைக்காற்று அலைகிற ராத்திரியில் நட்சத்திரத்தின் அகலமே 3 ஆர்க்செகண்ட்! அந்தச் சின்ன வட்டத்தில் அளந்தால் வால்மீனை அளந்ததாக ஆகாது, காற்றை அளந்ததாக ஆகும். காற்று அடங்கினால் வால்மீன் பிரகாசமானது போலக் காட்டும்.

ஆகவே 6, 10, 15 ஆர்க்செகண்ட் ஆரங்கள், மூன்றும் ஒவ்வொரு இரவும். வட்டத்தின் அளவைச் சொல்லாத மேக்னிட்யூட் பயனற்றது. வெடிப்புக்குப் பிறகு கருவை மட்டும் அளப்பவருக்கும் கோமா முழுவதையும் அளப்பவருக்கும் ஒன்றிரண்டு மேக்னிட்யூட் வித்தியாசம் வரலாம். இருவர் சொல்வதும் சரிதான்.

பிப்ரவரி 11, தைப்பூசம்
நிலா பூசத்தில். வால்மீன் பக்கத்து ராசியில். படங்கள் வெள்ளைத்தாள். அளக்கவில்லை.

பிப்ரவரி 16
6 ஆர்க்செகண்ட் வட்டத்தில் திடீர் ஏற்றம். நெஞ்சு அடித்துக்கொண்டது. கையா பட்டியலைப் போட்டுப் பார்த்தால், சரியாகக் கோமாவுக்கு அடியில் 17ஆம் மேக்னிட்யூட் நட்சத்திரம் ஒன்று. 29பியில் இதுதான் பெரிய பொறி. கரு பிரகாசமாகும் முதல் சில மணி நேரம் வெடிப்பும் நட்சத்திரம் போலவே புள்ளியாகத் தெரியும். பிரித்தறிய ஒரே வழி நகர்வு. நட்சத்திரம் நிற்கும், வெடிப்பு வால்மீனோடு போகும்.

பிப்ரவரி 22
29பி சூரியனுக்கு ஏறத்தாழ நேர் எதிரே. இன்று வானத்தில் அதன் இடத்தை அளக்கிறேன்.

1927இல் ஹாம்பர்க் பெர்கெடார்ஃப் வானாய்வகத்தில் ஷ்வாஸ்மானும் வாக்மானும் புகைப்படத் தட்டில் கண்டது. 1902ஆம் ஆண்டுத் தட்டிலும் அது பதிந்திருந்ததைப் பின்னால் கண்டுபிடித்தார்கள். கிட்டத்தட்ட வட்டமான பாதை, வியாழனுக்குச் சற்று வெளியே, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 15 ஆண்டு. என்கே வால்மீனில் வெளியேறும் வாயுவின் உதைப்பால் சுற்றுக்காலமே மாறுவதை வானியலாளர் விப்பிள் 1950இல் விளக்கினார். 29பியின் கரு 60 கிலோமீட்டர் அகலம், சூரியனுக்கு வெகுதூரம். உதைத்தாலும் எளிதில் அசையாது.

அதனால் இடப்பிழை 0.3 ஆர்க்செகண்ட் வந்து, அதுவும் ஒவ்வொரு இரவும் ஒரே திசையில் வந்தால், பாதையைச் சந்தேகிக்காமல் கோமாவைப் பார்க்க வேண்டும். விசிறி போல ஒரு பக்கம் விரிந்திருந்தால் ஒளியின் மையம் கருவிலிருந்து அந்தப் பக்கம் நழுவும். மையம் காண மட்டும் சின்ன வட்டம். (பிரகாசத்துக்குப் பெரியது, இடத்துக்குச் சின்னது.)

கடிகாரம் 10 விநாடி தவறினாலும் இதில் 0.05 ஆர்க்செகண்ட்தான். பூமியை நெருங்கும் சிறுகோளென்றால் அதே தவறு அளவையே பாழாக்கும். கோப்பில் பதிவது பெரும்பாலும் படத்தின் தொடக்க நேரம், சிறுகோள், வால்மீன் அளவுகளைச் சேகரிக்கும் மைனர் பிளானட் சென்டருக்குப் போக வேண்டியது நடுநேரம். நமக்கு அதிகாலை 5.30 வரை சர்வதேசத் தேதி மாறாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 28
அமாவாசை வானம். அமைதி, அமைதி. மாற்றமில்லாத இந்த அளவை அனுப்பத்தான் வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. கட்டாயம் அனுப்ப வேண்டும். 29பி ஆண்டுக்குச் சராசரியாக ஏழு முறை வெடிக்கிறது. எப்போது வெடித்தது என்பதைப் பிரகாசமான படம் மட்டும் சொல்லிவிடாது. அதற்கு முந்தைய மங்கலான படம்தான் நேரத்துக்கு ஒரு பக்கம் வேலி போடுகிறது. யாரும் பார்க்காத மூன்று இரவு இருந்தால் மூன்று நாள் சந்தேகம்.

மார்ச் 3
வெடித்தால் செய்ய வேண்டியது, இப்போதே எழுதி வைக்கிறேன். புதுத்தூசி முதலில் சின்ன வட்டத்துக்குள்ளேயே இருக்கும். நாள் போகப்போக 6 ஆர்க்செகண்ட் வட்டம் மங்கும், 15 அப்படியே நிற்கும். அதுவே விரிவுக்குச் சாட்சி. நொடிக்கு 150 மீட்டர் வேகமென்றால் நாளுக்குச் சுமார் 13,000 கிலோமீட்டர், அதாவது 3.4 ஆர்க்செகண்ட். இரண்டு இரவு ஆரத்தை அளந்தால் பின்னோக்கிக் கணக்கிட்டு வெடித்த நேரத்தைப் பிடிக்கலாம்.

29பி இருக்கும் தூரத்தில் தண்ணீர்ப்பனி பெரிதாக ஆவியாவதில்லை. உள்ளிருந்து உந்துவது கார்பன் மோனாக்சைடு. ஆனால் ஏன் திடீரென்று, ஏன் அந்த நாளில்?

மார்ச் 8
பூ மழை. காப்பிக்கு நல்லது. வானம் மூடியே கிடக்கிறது.

மார்ச் 9
மேகம்.

மார்ச் 12, மாசி மகம்
நிலா மகத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. வால்மீன் அங்கிருந்து சில டிகிரிதான். மாசியில் இந்தப் பகுதியைத் தேடுபவர்களுக்கு ஆண்டில் மிக மோசமான பௌர்ணமி. இன்று வெடித்தால்?

வடகிழக்கே ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தை உருவாக்கிய வைணு பாப்பு, 1949இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது தட்டில் ஒரு புது வால்மீனைக் கண்டார். போக், நியூகர்க் ஆகியோரோடு அவர் பெயரும் அதற்கு உண்டு. அது நம் வாழ்நாளில் திரும்பாதது. 29பி போகவே போகாது, ஆண்டுதோறும் எங்கோ தெரிந்துகொண்டே இருக்கும். அதனாலேயே ஒரு இரவைத் தவறவிட்டால் இவ்வளவு வலிக்கிறது.

மார்ச் 17
மேகம் விலகியது. நிலா எழ 9 மணி ஆகும், அதற்குள் ஒன்றரை மணி நேரம்தான்.

கரு கூர்மையாக இருக்கிறது. 6 வட்டத்தில் ஏற்றம் பிழை எல்லைக்கு மிக மேலே, 15இல் அதைவிடக் குறைவு. கையாவில் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. முதல் அரை மணி நேர அடுக்கில் புள்ளி வால்மீனோடு நகர்கிறது. இரண்டாவது அரை மணி ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபிளாட் (சீரான வெளிச்சத்தில் எடுக்கும் திருத்தப் படம்) மறுபடி எடுத்துச் சரிபார்க்க வேண்டும். ஐரோப்பாவில் இன்னும் பொழுது சாயவில்லை, இப்போதே தகவல் போனால் அங்கே பார்ப்பவர்கள் விடியும்வரை தொடரலாம். அனுப்புகிறேன்.