பிறகு வரும் கேஷ்பேக்கை நம்பி பிரிட்ஜ் வாங்கலாமா?

ஆடி முடியப்போகிறது என்றால் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். ஆவணியில் கல்யாணம் வைத்திருப்பவர்கள், பெண்ணுக்குச் சீர் சாமான் எடுக்கப் போகிறவர்கள், வீட்டு வாஷிங் மெஷின் படுத்துவிட்டது என்பவர்கள். திருநெல்வேலி பாளையங்கோட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன் என்பதால், பில், வரி, தவணை என்று எதுவானாலும் சொந்தக்காரர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவார்கள். இந்த வருஷம் பெரும்பாலும் ஒரே கேள்விதான். "வண்ணாரப்பேட்டையில பார்த்தோம் மதினி, நாலாயிரம் கேஷ்பேக்காம், மூணு நாலு மாசத்துல வந்துருமாம். எடுக்கலாமா?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாலாயிரத்தை விலையில் கழிக்காதீர்கள். அது வராது என்றே வைத்துக்கொண்டு நாலு கடை விலையை ஒப்பிடுங்கள். அப்போதும் அந்தக் கடையே கட்டுபடியானால் தாராளமாக எடுங்கள், கேஷ்பேக்கையும் விடாமல் கேட்டு வாங்குங்கள். கட்டுபடியாகவில்லை என்றால் அடுத்த கடைக்கு நடங்கள்.

முக்கூடலில் இருக்கும் என் நாத்தனார் பார்த்துவிட்டு வந்த இரட்டைக் கதவு பிரிட்ஜையே எடுத்துக்கொள்கிறேன். வண்ணாரப்பேட்டை பைபாஸ் ரோட்டுப் பெரிய கடையில் 42,000 ரூபாய். குறிப்பிட்ட ஒரு வங்கியின் கிரெடிட் கார்டில் ஆறு மாத இஎம்ஐ போட்டால் 4,000 கேஷ்பேக், 120 நாளில் வரும். டவுனில் ரத வீதிப் பக்கம் உள்ள கடையில் அதே மாடல் ரொக்கத்துக்கு 39,000. "42இல் 4 போனால் 38, அப்போ பைபாஸ் கடைதானே லாபம்" என்பது அவள் கணக்கு. விற்பனைக்கு நின்ற பையனும் அதைத்தான் சொல்லியிருக்கிறான்.

ஆனால் இஎம்ஐ போட்டால் வங்கிக் கட்டணம் 199, அதற்கு ஜிஎஸ்டி சேர்த்து 235 ஆகிவிடுகிறது. 'நோ காஸ்ட்', அதாவது வட்டி கிடையாது, என்று எழுதியிருந்தாலும் உள்ளே வட்டி ஓடுகிறது. வருஷத்துக்கு 15 சதவீதம் என்று வைத்தால் ஆறு மாதத்துக்குச் சுமார் 1,780 ரூபாய். அந்த வட்டி அளவுக்கு விலையில் தள்ளுபடி கொடுத்துச் சரிக்கட்டிவிடுவார்கள். வட்டியின் மேல் விழும் 18 சதவீத ஜிஎஸ்டி மட்டும் நம் தலையில், அது 320. ஆக 555 ரூபாய் கூடுதல். கேஷ்பேக் வந்தால் பிரிட்ஜின் அடக்கம் 38,555. வராவிட்டால் 42,555.

டவுன் கடையோடு ஒப்பிட்டால், வந்தால் 445 ரூபாய் மிச்சம், வராவிட்டால் 3,555 நஷ்டம். இதே மாதிரி பத்துப் பேர் வாங்கி, ஒன்பது பேருக்கு வந்து ஒருவருக்கு மட்டும் வராமல் போனால், எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஆளுக்கு 45 ரூபாய்தான் மிஞ்சும். இரண்டு பேருக்கு வராவிட்டால் ஆளுக்கு 355 ரூபாய் கைநஷ்டம். 45 ரூபாய்க்காக நாலு மாதம் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று நாத்தனாரிடம் கேட்டேன். அவள் டவுன் கடையிலேயே வாங்கிவிட்டாள்.

வராமல் போவதற்கு ஏமாற்று வேலை எதுவும் நடக்க வேண்டியதில்லை. தவணையை முன்கூட்டியே கட்டி முடித்தால் போச்சு. இடையில் கார்டை மூடினால் போச்சு. ஒரு கார்டுக்கு ஒரு தடவைதான் என்றிருக்கும், அதே மாதம் அந்தக் கார்டில் யாராவது போன் வாங்கியிருந்தால் போச்சு. பழைய பிரிட்ஜை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து மீதித் தொகை குறைந்தபட்ச வரம்புக்குக் கீழே இறங்கிவிட்டாலும் போச்சு.

பில்லிலேயே குறைக்காமல் ஏன் பின்னால் தருகிறார்கள்? நான் தினமும் ஜிஎஸ்டி பார்க்கிறவள் என்பதால் எனக்கு இது முதலில் உறுத்தியது. ஜிஎஸ்டி சட்டத்தின் 15ஆவது பிரிவுப்படி, விற்கும்போதே பில்லில் காட்டிய தள்ளுபடிக்கு வரி கிடையாது. பிரிட்ஜ், வாஷிங் மெஷினுக்கு 2018 ஜூலையிலிருந்து வரி 18 சதவீதம். ஏசிக்கும் 2025 செப்டம்பர் 22இலிருந்து அதே 18தான். பில்லில் 4,000 குறைத்தால் அதில் 610 ரூபாய் வரியில் குறையும், விற்பவருக்கு உண்மையான செலவு 3,390தான். வாடிக்கையாளருக்குப் பின்னால் பணமாகக் கொடுத்தால் 42,000க்கும் வரி கட்டியது கட்டியதுதான், செலவு முழு 4,000. அதாவது எல்லாருக்கும் கொடுப்பதென்றால் பில்லில் குறைப்பதுதான் மலிவு. அப்படியிருந்தும் பின்னால் தருகிறார்கள். வங்கியும் செலவில் பங்கு போடும், கார்டு ஓட வேண்டும் என்ற கணக்கு அதற்கு, அது ஒரு காரணம். கடைக்குக் கடை விலை உடையாமல் இருக்க வேண்டும், அதுவும் சரி. அதையெல்லாம் தாண்டி, எல்லாரும் கேஷ்பேக்கை வாங்கிவிட மாட்டார்கள் என்ற எதிர்பார்ப்பும் அதில் இருக்கிறது என்பதே என் முடிவு.

அமெரிக்காவில் இது பழைய கதை. அட்டைப்பெட்டியிலிருந்து பார்கோடை வெட்டி, பில் நகலோடு தபாலில் அனுப்பிவிட்டு, செக் வருமா என்று வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். வாடிக்கையாளர்கள் வெறுத்துப்போய், பெஸ்ட் பை என்ற பெரிய கடை நிறுவனமே 2005இல் இந்த முறையைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. நம் ஊரில் தபால் வேலை கிடையாது, கார்டிலேயே ஏறிவிடும். அந்த அளவுக்கு நம் நிலைமை பரவாயில்லை.

ஆனால் நம் பக்கம் வேறொரு சங்கடம் உண்டு, யாரும் வெளியே பேசாதது. அம்பாசமுத்திரத்திலும் சுரண்டையிலும் பிரிட்ஜ் வாங்குகிற எத்தனை வீட்டில் சொந்தமாக கிரெடிட் கார்டு இருக்கிறது? சென்னையில் வேலை பார்க்கிற அண்ணன் மகன் கார்டு, பெங்களூரு அத்தான் கார்டு என்று யாராவது ஒருவர் கார்டில்தான் போடுகிறோம். போனில் ஓடிபி கேட்டு வாங்கி, மாதா மாதம் தவணைப் பணத்தை ஜிபேயில் அனுப்புகிறோம். கேஷ்பேக் வருவது கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. அதுவும் பணமாகக் கைக்கு வராது, அந்த மாத ஸ்டேட்மென்ட்டில் ஒரு வரியாக வந்து பாக்கியில் கழிந்துபோகும். அவரே கவனிக்காமல் விட்டிருக்கலாம்.

இப்போது கேட்பது யார்? "அத்தான், அந்த கேஷ்பேக் வந்துட்டா?" என்று ஒரு தடவை கேட்கலாம். "பார்த்துச் சொல்லுதேன்" என்பார். இரண்டாம் தடவை கேட்கும்போதே குரல் தணிந்துவிடும். உதவி செய்தவரிடம் போய் நாலாயிரத்துக்குக் கணக்குக் கேட்கிறோமே என்று நமக்குக் கூச்சம், சந்தேகப்படுகிறார்களோ என்று அவருக்கு வருத்தம். பெரிய வீடு ஒன்றில் இந்தப் பேச்சினால் ஒரு வளைகாப்புக்கு ஒரு குடும்பம் வராமலே போனதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இரவல் கார்டில் வாங்கினால் கேஷ்பேக்கை மறந்துவிடுங்கள், அல்லது கார்டு தேய்ப்பதற்கு முன்பே "வந்தா நீங்களே வச்சுக்கோங்க அத்தான்" என்று வாய் விட்டுச் சொல்லிவிடுங்கள். உறவுக்கு முன் நாலாயிரம் ஒன்றுமில்லை.

இஎம்ஐயை நான் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2013 செப்டம்பரிலேயே பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது, ஆகையால் உள்ளே வட்டி உண்டு என்று தெரிந்தே போடுங்கள். கையில் மொத்தமாகப் பணம் இல்லாதவர்களுக்கு அது நல்ல வழிதான். டவுன் கடை 39,000 ரொக்கத்துக்காக வெளியில் மூணு வட்டிக்கு வாங்கினால் மாதம் 1,170 ரூபாய் வட்டிக்கே போகும். அந்த நிலைமையில் கேஷ்பேக் இல்லாவிட்டாலும் பைபாஸ் கடை இஎம்ஐதான் சரி.

கேஷ்பேக்கை எடுத்தே தீரலாம் என்று நான் சொல்கிற இடமும் இருக்கிறது. செல்போன் மாதிரி எந்தக் கடையிலும் ஒரே விலை என்றால், கார்டும் நம்முடையது என்றால், ஏற்கெனவே வாங்க முடிவு செய்ததையே வாங்குகிறோம் என்றால், வருவது முழுக்க லாபம். கேஷ்பேக் வரம்பைத் தொடுவதற்காகச் சின்ன பிரிட்ஜை விட்டுப் பெரிய பிரிட்ஜுக்குத் தாவுவது மட்டும் வேண்டாம்.

அப்படி எடுக்கும்போது கார்டு தேய்க்கும் மெஷினைக் கண் எடுக்காமல் பாருங்கள். பொருளைத் தயாரிக்கும் கம்பெனி தருகிற கேஷ்பேக் என்றால் பெரும்பாலும் மெஷினில் இஎம்ஐ பகுதிக்குள் போய், கம்பெனி, மாடல் எல்லாம் தேர்ந்தெடுத்து, பெட்டி மேல் இருக்கும் சீரியல் நம்பரை அடிக்க வேண்டும். கூட்ட நேரத்தில் அவசரப்பட்டுச் சும்மா தேய்த்துவிட்டு, "வீட்டுக்குப் போய் ஆப்ல இஎம்ஐயா மாத்திக்கோங்க" என்பார்கள். அப்படி மாற்றினால் தவணை கிடைக்கும், கேஷ்பேக் கிடைக்காது. மெஷினிலிருந்து வரும் நீளச் சீட்டில் கேஷ்பேக் தொகையும் நிபந்தனையும் அச்சாகியிருக்கிறதா என்று அங்கேயே நின்று படியுங்கள். அந்தச் சீட்டு சூட்டில் எழுத்து வருகிற காகிதம். நம் ஊர் வெயிலில் பர்சுக்குள் வைத்தால் நாலு மாதத்தில் வெளுத்து வெறும் தாளாகிவிடும். அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து பில்லோடு சேர்த்துக் குத்திவையுங்கள். சீரியல் நம்பர் ஒட்டிய அட்டைப்பெட்டியை உடனே பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது விளம்பரங்களைப் பார்த்துத்தான். தமிழில் பெரிய எழுத்தில் கேஷ்பேக், அடியில் எறும்பு மாதிரி ஆங்கிலத்தில் நிபந்தனை. பீடி சுற்றிச் சேர்த்த பணத்தில் மகளுக்கு மெஷின் எடுக்க வருகிற ஒரு அம்மா அதை எப்படிப் படிப்பார்? 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகள், விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்து வடிவில் நிபந்தனையும் இருக்க வேண்டும் என்கின்றன. கடையில் நின்று "இதைத் தமிழில் காட்டுங்கள்" என்று கேட்பது நம் உரிமை. கேளுங்கள்.

சுரண்டையில் என் சித்தப்பா மகன் ஏசி வாங்கி, சொன்ன நாள் தாண்டியும் பணம் ஏறவில்லை. கடைக்காரர் வங்கியைக் கை காட்டினார், வங்கி கம்பெனியைக் கை காட்டியது, கம்பெனி கடையையே திரும்பக் காட்டியது. "விட்டுரலாம்க்கா, அலைய முடியல" என்றான். நான் விடவில்லை. பில், சீட்டு ஜெராக்ஸ், ஸ்டேட்மென்ட் மூன்றையும் இணைத்து மூவருக்கும் ஒரே மெயில் அனுப்பச் சொன்னேன், கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு. அடுத்த ஸ்டேட்மென்ட்டில் பணம் வந்துவிட்டது. தவறு வங்கியிடம் என்றால், புகார் கொடுத்து 30 நாளில் சரியான பதில் இல்லாதபோது ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகவே போகலாம். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போய்விட வேண்டும். பில் தேதியையும், பணம் வந்திருக்க வேண்டிய தேதியையும் காலண்டரில் இப்போதே குறித்துவையுங்கள்.